கம்பி யார் கையில்?

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் யார் யார் என்று எனக்கு இப்போதும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காலை வாசல் சுவரில் ஏணி சாத்துகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் நம் கேபிள்காரத் தம்பி. ஏழாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தவன். உங்களில் பலருக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

"டீச்சர், உங்க வீட்டு லைனைக் கழட்டிக்கிறேன். இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் பாக்கி. ஒருத்தருக்காக ஆம்ப்ளிஃபயர் ஓட்ட முடியல."

ஒரு காலத்தில் அவனிடம் எண்ணூறு வீடுகளுக்கு மேல் இருந்தன. இப்போது அறுபத்திரண்டாம். இந்த மாதத்தோடு கடையை மூடுகிறான். காபி கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து குடித்தான். சுருட்டிய கம்பி அவன் காலடியில் கிடந்தது.

இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது அண்ணன் மகன் எழுதினான்: "டெக்னாலஜி மாறிப்போச்சு அத்தை. மாட்டுவண்டி போன மாதிரி இதுவும் போகும். இதுல வருத்தப்பட என்ன இருக்கு?" அவன் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பழைய கதை. 1980-களில் நம் பக்கத்தில் மூங்கில் கழியைக் கட்டி ஆண்டெனாவை உயர்த்தி, பூஸ்டர் வைத்து, இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு தூர்தர்ஷன். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் தெருவே காலியாக இருக்கும். 1991-ல் ஸ்டார் டிவி செயற்கைக்கோள் வழியாக வந்தது. 1992-ல் ஜீ. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. ஆனால் வானத்தில் இருக்கும் சேனலை ஒரு வீட்டுக்காரர் தனியாகப் பிடிக்க முடியாது. பெரிய குடை ஆண்டெனா வேண்டும். அந்தக் குடையை மொட்டைமாடியில் வைத்து, மின்கம்பத்திலும் தென்னை மரத்திலும் கம்பியைக் கட்டி வீடுவீடாக இழுத்தவர்கள் நம் தம்பி மாதிரி இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். எந்த அரசும் எந்தப் பெரிய கம்பெனியும் சொல்லி அவர்கள் செய்யவில்லை. இதற்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்ததே 1995-ல்தான்.

அப்போது தம்பி ஒரு உள்ளூர் சேனலும் நடத்தினான். கல்யாண வீடியோ எடுக்கும் கேமரா, ஒரு வி.சி.ஆர்., அவ்வளவுதான் முதலீடு. தேர்த் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, தண்ணீர் வராத நாள் அறிவிப்பு, காணாமல் போன மாடு எல்லாம் அதில் வரும். ஒரு நாள் என்னிடம் வந்து, "டீச்சர், ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் கணக்கு எடுங்களேன்" என்றான். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியை. நமக்கு எதற்கு டிவி என்று தயங்கினேன். அவன் விடவில்லை. அவன் வீட்டு முன்னறையில் கரும்பலகையைச் சாத்தி, தோசையை வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். நினைவிருக்கிறதா? ஏழு வருடம் நடந்தது. பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகம் பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது. "வட்டிக் கணக்கு உங்க புரோகிராம்லதான் டீச்சர் கத்துக்கிட்டேன். அடகுக் கடையில இப்ப ஏமாறறது இல்ல" என்று கடைத்தெருவில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். எனக்கு விருதெல்லாம் கிடைத்ததில்லை. அந்த ஒரு பேச்சு போதும்.

அந்தச் சேனல் ஏன் நின்றது? பார்க்க ஆள் இல்லாமல் நிற்கவில்லை. நகரத்திலிருந்து ஒரு பெரிய கேபிள் நிறுவனம் ஃபைபர் இழுத்து வந்தது. தம்பியின் குடை போதாது, இனி சிக்னல் அங்கிருந்துதான். சேர்ந்த பிறகு உள்ளூர் சேனலுக்கு மாத வாடகை கேட்டார்கள். கொடுக்க முடியாமல் அறுபத்து எத்தனையாவதோ எண்ணுக்குத் தள்ளினார்கள். அன்றைக்குப் பல வீடுகளில் இருந்த பழைய பெட்டிகளில் முதல் பத்துப் பன்னிரண்டு சேனல்தான் தெளிவாகத் தெரியும். அறுபதில் போட்டால் போடாததற்குச் சமம். இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டான். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கீழே நான் பெயர் சொல்லப் போகிற எந்த நிறுவனமும் அது அல்ல.

அன்றைக்கு எனக்குப் புரிந்த விஷயம் இதுதான். நிகழ்ச்சி தயாரிப்பவர் எவ்வளவு நன்றாகத் தயாரித்தாலும், கம்பியைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால்தான் அது வீட்டுக்குள் வரும். தடை செய்யக்கூட வேண்டாம். கடைசி பெஞ்சுக்குத் தள்ளினால் போதும்.

பெரிய ஊடக நிறுவனங்களுக்கு இது நம்மைவிட முன்பே புரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் சன் குழுமத்தின் கேபிள் பிரிவான சுமங்கலி கேபிள் விஷன். எஸ்.சி.வி. என்றால் சென்னையில் இருந்த உறவினர்களுக்குச் சட்டென்று தெரியும். 1985-ல் சுமங்கலி பப்ளிகேஷன்ஸ் என்று பதிவான நிறுவனம்தான் பிற்பாடு சன் டிவி நெட்வொர்க் ஆனது. அந்தச் சுமங்கலி என்ற பெயரைத்தான் கேபிள் பிரிவும் வைத்துக்கொண்டது. சட்டப்படி அது தனிக் கம்பெனி, கல் கேபிள்ஸ் என்ற பெயரில். குழுமம் ஒன்றுதான்.

சேனல் வைத்திருப்பவருக்குக் கம்பி எதற்கு? கேபிள் தொழிலில் மூன்று படி உண்டு. மேல்படியில் சேனல். நடுப்படியில் எல்லாச் சேனல்களையும் வாங்கி ஒன்றுசேர்த்து அனுப்பும் பெரிய நிறுவனம். கீழ்ப்படியில் நம் தம்பி. வீட்டுக்காரர் தரும் பணம் கீழிருந்து மேலே ஏறும். நடுப்படியில் இருப்பவருக்குச் சேனல்காரர்களிடமிருந்தும் இடவாடகை வரும். மேல்படியும் நடுப்படியும் ஒரே கையில் இருந்தால், தன் சேனலுக்கு நல்ல இடம் நிச்சயம். போட்டிச் சேனலின் இடத்தையும் அந்தக் கைதான் முடிவு செய்யும். இதில் சட்டவிரோதம் எதுவும் வேண்டியதில்லை. வியாபாரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பார்கள். நான் கேட்பது, அப்படி யோசிக்க நாம் ஏன் இடம் கொடுக்கிறோம் என்பதைத்தான்.

2003 செப்டம்பர் 1 அன்று, செட்-டாப் பாக்ஸ் இருந்தால்தான் கட்டணச் சேனல் என்ற முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. அப்போது அங்கே பெரிய கேபிள் நிறுவனங்கள் என்றால் எஸ்.சி.வி., ஹாத்வே. 2006 ஜனவரியில் அன்றைய அ.தி.மு.க. அரசு, பெரிய கேபிள் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ள ஒரு மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அது கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சன் டிவி பங்குச் சந்தைக்குப் போனது. மே மாதம் ஆட்சி மாறியது. வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது. பெட்டி இலவசம், அதில் படம் வர மாதாமாதம் கேபிள் காசு வேண்டும் என்பதை நம் ஊர்க் கூலித் தொழிலாளிகள் வீட்டில் நான் நேரில் பார்த்தேன்.

2007-ல் கலைஞர் குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் பிளவு. அதுவரை அண்ணா அறிவாலயத்தில் இருந்த சன் டிவி அங்கிருந்து வெளியேறியது. செப்டம்பரில் கலைஞர் டிவி தொடங்கியது. அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் பதிவானது. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானது. அதன் பிறகு அரசு கேபிள் ஏறத்தாழ தூங்கிப்போனது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு. உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

2011-ல் மறுபடி ஆட்சி மாறியது. செப்டம்பர் 2 அன்று அரசு கேபிள் மறுபடி எழுந்தது. மாதம் 70 ரூபாய். நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம், நானும்தான். தொடக்கத்தில் இலவசச் சேனல்கள் மட்டும். சன் உள்ளிட்ட கட்டணச் சேனல்கள் பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் வந்தன. மாவட்டங்களில் கம்பி தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. 2014-ல் பாதுகாப்பு அனுமதி இல்லை என்று சொல்லி கல் கேபிள்ஸின் உரிமத்தை மத்திய அரசு ரத்து செய்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

இந்த இடத்தில் சிலர் கோபப்படுவீர்கள் என்று தெரியும். நம் உறவினர்களில் இரண்டு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். நான் எந்தக் கட்சியையும் குறை சொல்லவில்லை. கம்பி ஒரு குடும்பத்தின் கையில் இருந்தபோது எனக்கிருந்த அதே பயம், அது அரசின் கையில் வந்தபோதும் இருந்தது. இன்றைக்கு நமக்குப் பிடித்த அரசு இருக்கலாம். ஐந்து வருடம் கழித்துப் பிடிக்காத அரசு வரும். கம்பி அதே இடத்தில்தான் இருக்கும். அரசைக் கேள்வி கேட்கும் சேனலைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுவது அப்போது இன்னும் சுலபம்.

இது என் பயம் மட்டுமல்ல. மத்திய, மாநில அரசுகளும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்பிலும் கேபிள் விநியோகத்திலும் இறங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லும் சொன்னது, 2012-லும் திரும்பச் சொன்னது. அப்படியிருந்தும் 2017 ஏப்ரலில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. அரசிடம் இருந்தால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: 2022 நவம்பரில் மென்பொருள் கொடுத்த நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில், அரசு கேபிளின் செட்-டாப் பாக்ஸ்கள் லட்சக்கணக்கான வீடுகளில் திடீரென நின்றுபோயின. சாவி மூன்றாவது ஆளிடம் இருந்திருக்கிறது.

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டைம் வார்னர் என்ற நிறுவனம் 'டைம்' பத்திரிகை, சி.என்.என்., எச்.பி.ஓ. எல்லாம் வைத்துக்கொண்டு, கூடவே மிகப் பெரிய கேபிள் பிரிவையும் வைத்திருந்தது. 2000 மே மாதம் டிஸ்னியோடு கட்டணத் தகராறு வந்தபோது, டிஸ்னியின் ஏ.பி.சி. சேனலைத் தன் கம்பியிலிருந்து எடுத்துவிட்டது. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் உட்பட லட்சக்கணக்கான வீடுகளில் ஒன்றரை நாளுக்கு மேல் அந்தச் சேனல் வரவில்லை. அது தவறு என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. 2009-ல் டைம் வார்னர் தன் கேபிள் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 2016-ல் சார்ட்டர் என்ற கம்பெனி அதை வாங்கியது. இப்போது அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் பில் வருவது அந்தக் கம்பிக்குத்தான்.

நம் நாட்டிலும் சட்டம் அடியோடு இல்லாமல் இல்லை. யார் கேட்டாலும் பாரபட்சம் இல்லாமல் சேனலைத் தர வேண்டும் என்று 2004-ல் டிராய் விதி போட்டது. வீட்டு மாடியில் வைக்கும் டி.டி.எச். சேவையில், சேனல் நிறுவனம் 20 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்றும் ஒரு விதி வந்தது. ஆனால் முதலாளி ஒருவரே இரண்டையும் இரண்டு தனிக் கம்பெனியாக வைத்துக்கொள்ளலாம். ஜீ குழுமத்தாருக்கு டிஷ் டிவி, சன் குழுமத்தாருக்கு சன் டைரக்ட் அப்படித்தான் இருந்தன. வேலி போட்டுவிட்டு, பக்கத்திலேயே வாசலும் வைத்த மாதிரி. தூர்தர்ஷன் சேனல்களை எல்லா கேபிள்காரரும் காட்டியே ஆக வேண்டும் என்று 1995 சட்டத்தில் இருக்கிறது. ஊர்ச் சேனலுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஞாயிறு கணக்கு இன்னும் சில வருடம் ஓடியிருக்கும்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தம்பி மாதிரி ஆட்கள் எல்லோரும் உத்தமர்கள் அல்ல. திண்ணையில் அவனே சொன்னான்: "எண்ணூறு வீடு வெச்சுக்கிட்டு இருநூறுன்னுதான் டீச்சர் கணக்கு குடுத்தோம். எல்லாரும் அப்படித்தான் குடுத்தாங்க." கணக்கு சொல்லிக்கொடுத்த எனக்கு அதைக் கேட்டு முகம் சுருங்கிவிட்டது. இந்தப் பொய்க் கணக்கை நிறுத்துவதும் டிஜிட்டல் பெட்டி வந்ததற்கு ஒரு காரணம். பெட்டி வந்ததும் கணக்கு நேரானது. ஆனால் சாவி முழுவதும் மேலே போய்விட்டது. 2019 பிப்ரவரியில், வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்று புது முறை வந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனலுக்குத் தனி. நல்ல எண்ணம்தான். பில் குறையும் என்று காத்திருந்தேன். என் வீட்டில் கூடியது. பலர் அந்த வருடமே செல்போனுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது அண்ணன் மகனுக்கு வருகிறேன். தொழில்நுட்பம் மாறியது, சரி. கேபிள் கம்பி போய் ஃபைபரும் செல்போன் கோபுரமும் வந்தன. உரிமைக் கதை மாறியதா? 2024 நவம்பரில் ரிலையன்ஸின் ஊடக நிறுவனமும் டிஸ்னியின் ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆயின. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. நாட்டின் மிகப் பெரிய செல்போன் சேவையும், கிரிக்கெட்டும் சீரியலும் வைத்திருக்கும் மிகப் பெரிய ஊடக நிறுவனமும் ஒரே குழுமத்தின் பிடியில். சென்னை அளவில் எஸ்.சி.வி. காலத்தில் பார்த்ததை இன்று நாடு அளவில் பார்க்கிறோம். அவர்கள் தப்பு செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. செய்ய நினைத்தால் தடுக்க என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

என் கருத்து எளிமையானது. ரோடு போடுகிறவரே அதில் ஓடுகிற பஸ்ஸுக்கும் முதலாளியாக இருக்கக் கூடாது. இருந்துதான் ஆக வேண்டும் என்றால், மற்ற பஸ்ஸும் அதே வேகத்தில் போகிறதா என்று பார்க்க, அரசுக்கும் கம்பெனிக்கும் கட்டுப்படாத ஆள் வேண்டும். பத்து இடத்தில் ஓர் இடம் ஊருக்கென்று இருக்க வேண்டும். இதை வாங்கித்தர எனக்குச் சக்தி இல்லை. ஆனால் உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், பத்திரிகையில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், செல்போன் கம்பெனியில் நல்ல பதவியில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். ரீசார்ஜோடு ஏதோ ஒன்று இலவசம் என்று வரும்போது, அந்த இலவசத்தால் எது நம் கண்ணிலிருந்து விலகிப்போகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கிளம்பும்போது தம்பி ஒரு அட்டைப்பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். ஞாயிறு கணக்கு வீடியோ கேசட்டுகள், பதினொன்று. சிலதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. பார்க்க என்னிடம் வி.சி.ஆர். இல்லை. உங்களில் யாரிடமாவது ஓடுகிற வி.சி.ஆர். இருந்தால், அல்லது இதை செல்போனில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொடுக்கத் தெரிந்தால் சொல்லுங்கள், செலவை நான் தருகிறேன். அதில் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோசையின் கால்பாகத்தைத் தின்றுவிட்டு "மீதி முக்கால்" என்று சொன்ன சிறுமி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவளும் இதைப் படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

தம்பிக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். அவன் தைரியமாகத்தான் இருக்கிறான். ஆனாலும் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்